விழுந்ததா, வீழ்த்தப்பட்டதா

வடக்கனந்தலுக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி சாலையோரம் நின்ற பெரிய புளியமரம், ஐப்பசி மழையோடு வந்த புயலில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சாய்ந்தது. அது சாய்ந்ததைப் பதினோரு பேர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர்கூட அலுவலர் இல்லை. ஆகவே மரம் விழுந்துவிட்டது என்பது சில நாட்களுக்கு வெறும் வதந்தியாகவே இருந்தது.

வேறு வருஷமாக இருந்தால் நாலு பேர் ரம்பத்தோடு வந்து அறுத்து ஓரம் தள்ளியிருப்பார்கள். ஆனால் அது எண்பத்தேழு. இரண்டு மாதத்துக்கு முன்புதான், புரட்டாசி பிறந்த கையோடு, இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்திருந்தது. மாவட்டம் முழுக்கச் சாலையோர மரங்கள் வெட்டிக் குறுக்கே போடப்பட்டன. பேருந்துகள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த வாரத்தில் உயிர்களும் போயின. அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, இந்தக் கதை அதைப் பற்றியதும் இல்லை. எல்லாம் அடங்கிய பிறகு கோமுகிப் போக்குவரத்துக் கழகம் தன் ஊழியர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றியது.

சாலையில் மரம் கிடந்தால், அது தானாக விழுந்ததா, பிறரால் வீழ்த்தப்பட்டதா என்று கழகத்தின் குழு நேரில் வந்து தீர்மானிக்கும் வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றது சுற்றறிக்கை. அதுவரை பேருந்து மரத்துக்கு முன்னால் காத்திருக்க வேண்டும். ஆனால் பேருந்து நின்றதாக எந்த ஏட்டிலும் எழுதக் கூடாது. மறியல் வாரத்தில் நின்ற பேருந்துகளைப் பற்றி மேலிடம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் அடித்தே கழகத்தின் இரண்டு தட்டச்சு இயந்திரங்கள் பழுதாகியிருந்தன. மூன்றாவதையாவது காப்பாற்ற வேண்டும் என்று தலைமையகம் நினைத்தது.

இதெல்லாம் அம்சவள்ளிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கள்ளக்குறிச்சியில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

அம்சவள்ளிக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறு வயதிலிருந்து கச்சிராயபாளையத்துக் கழனிகளில் கரும்பு வெட்டியவள். கரும்பின் சோகை இலை கிழித்த கோடுகள் இரண்டு கையிலும் இருந்தன. எட்டாவது வரை படித்திருந்த ஒரே காரணத்தால், கள்ளக்குறிச்சியில் நலவாழ்வு கூட்டுறவுப் பண்டகசாலையில் பருப்பும் மிளகாயும் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்திருந்தது. தலைக்கு மேல் கூரை, காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை, உட்கார ஒரு பலகை. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் தாமதமாக வந்தால் ஆறு மாதமும் முதலிலிருந்து தொடங்கும் என்பது பண்டகசாலையின் விதி.

அந்தத் தடத்தில் ஓடியது ஒரே ஒரு நகரப் பேருந்து, ஏழாம் எண். இரவில் கச்சிராயபாளையத்தில் தங்கி, காலையில் வடக்கனந்தல் வழியாகக் கள்ளக்குறிச்சி போகும். திங்கட்கிழமை வழக்கம்போல் வந்தது. அம்சவள்ளி ஏறினாள். இரண்டு கிலோமீட்டர் போனதும் புளியமரத்துக்கு முன்னால் நின்றது. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு முண்டாசை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"எப்ப சார் போவும்?" என்று அம்சவள்ளி நடத்துநர் ராஜாங்கத்தைக் கேட்டாள்.

"போய்க்கினுதாம்மா இருக்குது" என்றார் ராஜாங்கம். கையில் இருந்த ஏட்டில், வடக்கனந்தல் கடந்தது ஏழு ஐம்பது என்று எழுதினார். கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கள்ளக்குறிச்சி அடைந்தது எட்டு நாற்பது என்றும் எழுதினார்.

"நிக்கிதே சார்."

"நிக்கிதுன்னு எழுதறதுக்கு இதுல கட்டம் இல்ல. கிளம்பனது, சேந்தது, ரெண்டுதான் இருக்குது. நான் இன்னா செய்யட்டும், சொல்லு."

ராஜாங்கம் கெட்டவர் இல்லை. மறியல் வாரத்தில் நின்ற பேருந்தை நின்றது என்று எழுதியதற்காக மூன்று விளக்கக் கடிதம் கொடுத்தவர். நாலாவது எழுத அவருக்குத் தெம்பில்லை.

அம்சவள்ளி இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தாள். அந்தப் பக்கம் பேருந்து எதுவும் இல்லை. தடையே இல்லாத சாலையில் மறுபக்கம் எதற்குப் பேருந்து அனுப்ப வேண்டும். பத்து கிலோமீட்டர் சேற்றில் நடந்து பண்டகசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. மறுநாள் நட்சத்திரம் இருக்கும்போதே கிளம்பி முழுத் தூரமும் நடந்தாள். வழியில் ஓடை கரை மீறியிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும் வரை காத்திருந்து கடந்ததில் ஒன்பது பத்து ஆகிவிட்டது.

மேலாளர் நாராயணசாமி வருகைப் பதிவேட்டில் இரண்டாவது சிவப்புப் புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கண்டிப்பானவர், ஆனால் வஞ்சகம் இல்லாதவர். தாளில் இருப்பதை நம்புவார். ஆள் சொல்வதைக் கேட்டுக்கொள்வார்.

"பஸ் ஓடலன்னு சொல்ற. நான் இல்லன்னு சொல்லல. ஓடலன்னு அந்தக் கழகத்துக்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கியா. முத்திர இருக்கணும், தேதி இருக்கணும். புள்ளி எல்லாத்தையும் அடிச்சிடறேன்."

நியாயமாகத்தான் பட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த கழகத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனாள்.

கிளை மேலாளர் காசிநாதன் அவளை உட்காரச் சொன்னார். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, ராஜாங்கம் ஆள்வழி கொடுத்தனுப்பியிருந்த ஏட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிக்கத் தெரியுமா? படிம்மா. திங்கட்கிழமை ஆறு நடை, ஆறும் நேரத்துக்குப் போயிருக்குது. ஒரு நிமிஷம் தாமதம் இல்ல. சாதாரண நாள்ல இவ்வளவு சரியா ஓடினதே கிடையாது. நேத்து இத பார்த்துட்டு நானே ஆச்சரியப்பட்டேன்."

"நான் அந்த பஸ்ஸுலதாங்க இருந்தேன். மரத்தாண்ட நின்னுடுச்சிங்க."

"எந்த மரம்?"

"ரோட்டுல வுழுந்து கெடக்குதே, புளியமரம்."

காசிநாதன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"விழுந்துச்சின்னு சொல்லாத. அத குழுதான் சொல்லணும். குழு வரணும்னா, மரம் கிடக்குதுன்னு நான் எழுதணும். மரம் கிடக்குதுன்னு எழுதினா, பஸ் எப்படிப் போச்சின்னு கேப்பாங்க. பஸ் போனதுக்குத்தான் ஏட்டுல ஆதாரம் இருக்குதே. அதனால மரம் இல்ல. புரியுதா?"

"அப்ப மரத்த எப்பதாங்க எடுப்பாங்க?"

"இல்லாதத எப்படிம்மா எடுக்கறது?" என்றார் காசிநாதன். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கும் அது ஒரு மனக்கஷ்டமாகவே இருந்தது. அவளுடைய முகம் போன போக்கைப் பார்த்து, மேசை இழுப்பறையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்துத் தேடி, கடைசிப் பக்கத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்தார். "மாற்றுப்பாதைன்னு ஒண்ணு இருக்குது. நாளைக்கு ராஜாங்கத்துக்கிட்ட சொல்லிடறேன். மலைமேல ஏறி வெள்ளிமலை போயி, அந்தாண்ட பக்கமா சங்கராபுரம் எறங்கி, இங்க வந்துடலாம். கொஞ்சம் சுத்து. ஆனா விதிப்படி."

புதன்கிழமை விடியற்காலை ஏழாம் எண் விதிப்படி திரும்பிக்கொண்டது. பன்னிரண்டு கிலோமீட்டர் கிழக்கே இருந்த கள்ளக்குறிச்சிக்குப் போவதற்காக மேற்கே மலையைப் பார்த்துக் கிளம்பியது. உள்ளே பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அம்சவள்ளி முன் இருக்கையில் மடியில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். நகரப் பேருந்துக்கு மலை ஏறிப் பழக்கமில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பயணிகளைப் பார்த்தார், யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்பதுபோல. மேகம் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு இடத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள்.

வெள்ளிமலையில் ராஜாங்கம் இறங்கி, சாமை மூட்டையோடு ஜீப்புக்குக் காத்திருந்த ஒரு மலைக்காரரிடம் வழி கேட்டார்.

"சங்கராபுரம் எறங்கற ரோடு எந்தப் பக்கங்க?"

"அந்த ரோடா?" என்றார் அவர். "அளந்துட்டுப் போனாங்க. கல்லு நட்டிருக்காங்க. பாக்கறிங்களா?"

பதினெட்டுப் பேரும் போய்ப் பார்த்தார்கள். நல்ல கல். சுண்ணாம்பு அடித்து அம்புக்குறி போட்டிருந்தது. அம்புக்குறி காட்டிய பக்கத்தில் மரவள்ளிக் காடும் அதற்கப்பால் பள்ளமும் இருந்தன. பள்ளத்தில் மேகம் நின்றது. ராஜாங்கம் ஏட்டை எடுத்து, மாற்றுப்பாதை வழியாகக் கள்ளக்குறிச்சி அடைந்தது எட்டு நாற்பது என்று எழுதினார். எழுதும்போது அம்சவள்ளி தன்னைப் பார்ப்பதைக் கண்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பிக் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. அன்றைய வேலை போயிற்று. மூன்றாவது சிவப்புப் புள்ளி.

அன்று மாலை அம்சவள்ளி வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் அய்யனார் ஆறுதல் சொல்ல நினைத்து, "போனா போவுது வுடு. கரும்பு வெட்டு தை மாசம் ஆரம்பிச்சிடும்" என்றான்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கரும்பு வெட்டு என்ற சொல்லைக் கேட்டதும் கையில் பழைய கோடுகள் எல்லாம் ஒருமுறை எரிந்ததுபோல் இருந்தது. உள்ளே போய், பரணில் சாக்குச் சுற்றி வைத்திருந்த வெட்டுக்கத்தியை எடுத்து வந்து, துவைக்கிற கல்லில் தீட்ட ஆரம்பித்தாள்.

"யார வெட்டப் போற?" என்றான் அய்யனார்.

"மரத்த."

வியாழக்கிழமை பொழுது விடிந்ததும் அவளும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாளும் புளியமரத்தடிக்குப் போனார்கள். பெரியம்மாளுக்கு மழையில் அடுப்பெரிக்க விறகில்லை; அவளுக்குச் சுற்றறிக்கையைப் பற்றிக் கவலையில்லை. அவர்களைப் பார்த்து இன்னும் ஐந்து பெண்கள் வந்தார்கள். எட்டு மணிக்கு இரண்டு ஆண்கள் ரம்பத்தோடு வந்து நின்றார்கள். அடிமரமும் வேரும் சாலையோரத்தில் இருந்தன. நடுமரமும் கிளைகளும்தான் குறுக்கே. கரும்பு வெட்டுகிறவர்களுக்கு எங்கே வெட்டினால் எது சாயும் என்பது தெரியும். கிளைகள் கட்டுக்கட்டாகத் தலையில் ஏறி ஊருக்குள் போயின.

ராஜாங்கம் பேருந்துப் படியில் முதுகு காட்டி உட்கார்ந்து, "நான் எதையும் பாக்கல" என்று மணிக்கொருமுறை சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு நடுமரம் நகராமல் சண்டித்தனம் செய்தபோது, அதே முதுகைக் காட்டிக்கொண்டு, "வண்டில பின் சீட்டுக்குக் கீழ கயிறு இருக்குது. யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். ஒரு மணிக்குச் சாலை திறந்தது. ஓட்டுநர் யாரையும் கேட்காமல் என்ஜினைப் போட்டார்.

ஏழாம் எண் நாலு நாள் கழித்துக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தபோது நேரக் காப்பாளர் வெலவெலத்துப் போனார். ஏட்டின்படி அது அந்த நேரத்தில் கச்சிராயபாளையத்தில் இருந்தது. காசிநாதன் ஓடிவந்து, பேருந்தைக் கழிப்பறைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். ஏட்டில் அது வந்துசேர வேண்டிய நேரம் ஆகும் வரை ஒரு மணி நேரம் அங்கே ஒளித்து வைத்துவிட்டு, பிறகு முறையாக உள்ளே விட்டார்கள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சாலையில் மரம் வெட்டினார்கள் என்று யாரோ தலைமையகத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குழு வந்தது. மண்டல அலுவலர் பகலவன் தலைவர். இரண்டு உறுப்பினர்கள், ஒரு தட்டச்சர், காப்பாற்றப்பட்ட அந்த மூன்றாவது தட்டச்சு இயந்திரம். பகலவன் கல்லூரி நாட்களில் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். பத்துப் பேர் கூடினால் அவருக்குத் தொண்டை தானாகச் செருமும். அங்கே முப்பது பேர் கூடியிருந்தார்கள். அவர் அடிமரத்தின் மேல் ஏறி நின்றார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. நாங்கள் நடுநிலையாளர்கள். முடிவை முன்பே எடுத்துவிட்டோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் நேரில் வந்திருக்கிறோம். கழகத்தின் பேருந்து ஒரு நாளும் நின்றதில்லை. இனியும் நிற்காது. நிற்காத அந்தப் பேருந்தை நிறுத்தியவர்கள் யார் என்பதுதான் நம் முன்னால் இருக்கும் கேள்வி. மரங்கள் பேசுவதில்லை. அதனால்தான் அவற்றின் சார்பில் நாங்கள் பேசுகிறோம். இதோ, இந்த மரத்தில் நாற்பத்து மூன்று வெட்டுத் தழும்புகள். காற்று கத்தி வைத்திருக்கிறதா என்று கேட்கிறேன்."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

"வேரப் பாருங்க சார்" என்றாள் அம்சவள்ளி. "மண்ணோட பேந்து நிக்கிது. காத்துல வுழுந்தாத்தான் வேரு மேல வரும்."

பகலவன் குனிந்து பார்த்தார். வேர் ஆள் உயரத்துக்கு, யானைக் காதுபோல் விரிந்து நின்றது.

"வேரைப் பற்றிச் சுற்றறிக்கையில் எதுவும் இல்லை அம்மா. தழும்பைப் பற்றித்தான் இருக்கிறது. இந்தத் தழும்பு யாருடையது?"

"நாங்க வெட்டனதுங்க. வுழுந்ததுக்கு அப்பறம் வெட்டனோம். பஸ்ஸு போவணும்னு."

தட்டச்சர், 'வெட்டியதை ஒப்புக்கொண்டார்' என்று அடித்தார். மீதியை அடிப்பதற்குள் தாள் முடிந்துவிட்டது.

"போராட்டத்தில் உங்கள் பொறுப்பு என்ன?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"போராட்டமா? நான் அவுங்க ஆளே இல்லிங்க. அவுங்க சாதி வேற, எங்க சாதி வேற. அந்த ஒரு வாரமும் கதவ சாத்திக்கினு வூட்டுக்குள்ள இருந்தோம்."

உறுப்பினர் பகலவனின் காதில் ஏதோ சொன்னார். பகலவன் தலையசைத்தார். புதிய தாளில், 'பிற சமூகத்தினரும் போராட்டத்தில் ஊடுருவியிருப்பது கவலையளிக்கிறது' என்று ஏறியது.

பத்து நாள் கழித்துப் பதிவுத் தபாலில் அம்சவள்ளிக்குத் தாக்கீது வந்தது. அய்யனார் அதைக் கையில் வாங்கியதும் வாசலில் உட்கார்ந்துவிட்டான். "போலீஸுக்குப் போவும்னு போட்டிருக்குது. நீ மலைமேல எங்க சின்னம்மா வூட்டுக்குப் போயிடு. பொங்க வரைக்கும் கீழ எறங்காத."

அம்சவள்ளி தாளை வாங்கி மூன்று முறை படித்தாள். முதல் முறை தன் பெயர் மட்டும் தெரிந்தது. இரண்டாவது முறை போலீஸ் என்ற சொல் தெரிந்தது. மூன்றாவது முறைதான் நடுவில் இருந்த வரி கண்ணில் பட்டது. 'மேற்படி நபர் சாலையில் மரத்தை வீழ்த்திய காரணத்தால், கழகத்தின் ஏழாம் எண் பேருந்து 9.11.87 முதல் 12.11.87 முடிய நான்கு நாட்கள் இத்தடத்தில் ஓடவில்லை.' கீழே பகலவனின் கையெழுத்து, வட்ட முத்திரை, தேதி.

மறுநாள் காலை அவள் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்பாகவே பண்டகசாலைக்குப் போய், தாளை நாராயணசாமியின் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நாலு நாளு ஓடலன்னு தெளிவா இருக்குதே. இதத்தானே கேட்டேன்."

"அதுல என்ன பத்தியும் எழுதிருக்காங்க சார்."

"உன்ன பத்தி எழுதனது அவுங்க கவல. எனக்கு வேண்டியது பஸ்ஸ பத்தி. நாலாவது நாளு மத்தியானம்தான் வந்த, அதுவும் இதுலயே அடங்கிடுச்சி." நான்கு சிவப்புப் புள்ளிகளையும் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தாக்கீதைத் துளை போட்டு அவளுடைய பணிக் கோப்பில் சேர்த்தார். "நல்லா எழுதிருக்காங்க. இவ்வளவு விவரமா யாரும் குடுக்க மாட்டாங்க."

மார்கழி முதல் வாரத்தில் அம்சவள்ளி நிரந்தரமானாள்.

விசாரணை தை மாதம் கிளை அலுவலகத்தில் நடந்தது. பகலவன் நடுவில் உட்கார்ந்திருந்தார். குற்றச்சாட்டு படிக்கப்பட்டது. பேருந்து நின்றதற்கு ஆதாரம் என்ன என்று பகலவன் கேட்டார். காசிநாதன் ஏட்டை எடுத்து வைத்தார். பகலவன் புரட்டினார். நாலு நாளும் இருபத்து நாலு நடை, எல்லாம் நேரத்துக்கு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் காசிநாதனின் கையெழுத்து. அதற்குக் கீழே, சரிபார்க்கப்பட்டது என்று பகலவனின் கையெழுத்து. அந்த மாதம் நேரம் தவறாமல் ஓடிய தடம் என்று ஏழாம் எண்ணுக்குப் பாராட்டுக் கடிதமும் அவரே அனுப்பியிருந்தார். அதுவும் ஏட்டிலேயே ஒட்டப்பட்டிருந்தது.

சாட்சி ராஜாங்கத்தைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க மரத்தாண்ட நின்னீங்களா?" என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

"எப்படிங்க நிக்க முடியும்? அந்த நேரத்துல நான் ஓடற பஸ்ஸுல இருந்தேன். ஏட்டுலயே இருக்குது" என்றார் ராஜாங்கம். இந்த முறை அவர் முதுகைத் திருப்பவில்லை.

தட்டச்சர் விரல்களைச் சொடக்கெடுத்தார். பகலவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அம்சவள்ளியைப் பிடித்தால் ஏடு பொய். ஏடு பொய்யென்றால் அதன் அடியில் அவருடைய கையெழுத்து. கடைசியில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"கழகம் மனிதாபிமானம் உள்ளது. குறிப்பிட்ட நாட்களில் பேருந்து தடையின்றி ஓடியது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஓடிய பேருந்தை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. ஆகவே இந்த அம்மா குற்றமற்றவர். மரம் விழவுமில்லை, வீழ்த்தப்படவும் இல்லை. சாலை எப்போதும்போல் இருந்தது."

மாலையில் உத்தரவு தட்டச்சாகி வந்தது. காசிநாதன் அதை இரண்டு கையாலும் அம்சவள்ளியிடம் நீட்டினார். நாலு நாளும் பேருந்து ஓடியது என்று கழகமே முத்திரை குத்திக் கொடுத்திருந்தது.

"எடுத்துக்கினு போயி உங்க மேனேஜருக்கிட்ட காட்டும்மா. நீ ஒரு தப்பும் பண்ணலன்னு இதுல சுத்தமா இருக்குது."

அம்சவள்ளி நின்றபடியே முழுவதும் படித்தாள். அவசரப்படாமல் நாலாக மடித்து, காசிநாதனின் மேசைமேல் வைத்தாள்.

"இது உங்களாண்டயே இருக்கட்டும் சார். பஸ்ஸு ஓடலன்றதுக்குத்தான் எனக்குத் தாளு தேவைப்பட்டுது, அது கெடச்சிடுச்சி. ஓடுச்சின்றதுக்கு உங்களுக்குத்தான் தேவைப்படும்."

காசிநாதன் யோசித்துப் பார்த்தார். அவள் சொல்வது சரியாகவே பட்டது. நன்றி சொல்லி வாங்கி, கோப்பு எண் போட்டு, பத்திரமாக இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.